சீனி நோய், நிறை, நெஞ்சு: மலையகத்துக் கிளினிக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். பதினெட்டு வருடமாகத் தாதியாக வேலை செய்கிறேன். அதில் பெரும்பகுதி நீரிழிவு கிளினிக்கில் போயிருக்கிறது. நிறை பார்க்கும் தராசு என் மேசைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதில் ஏறி இறங்கும்போது எங்கள் ஆட்கள் கேட்கிற கேள்விகளையும், வரிசை நீண்டுகொண்டே போவதால் அங்கே முழுதாகச் சொல்ல முடியாத பதில்களையும் இங்கே எழுதுகிறேன். எல்லாமே பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவைப் பற்றியவை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்களைப் பார்க்கும் வைத்தியரின் வேலை.

சீனி இரத்தத்தில்தானே இருக்கிறது? நெஞ்சுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

இரத்தக் குழாயின் உட்சுவர் வழுவழுப்பாக இருக்க வேண்டும். இரத்தத்தில் சீனி பல வருடங்கள் கூடியே இருந்தால் அந்த வழுவழுப்பு கெட்டுப்போகிறது. கெட்ட கொழுப்பு அங்கே புகுந்து படிகிறது. பிரஷரும் சேர்ந்தால் படிவு இன்னும் வேகமாக வளரும். ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிட்டால், அதுதான் மாரடைப்பு.

நீரிழிவு உள்ளவருக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெண்களுக்கு இன்னும் ஒரு கேடு உண்டு. மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு இதய நோயிலிருந்து ஓரளவு பாதுகாப்பு இருக்கும். நீரிழிவு வந்தால் அந்தப் பாதுகாப்பு பெருமளவு போய்விடும். “நெஞ்சு வருத்தம் ஆம்பிளைகளுக்குத்தானே மிஸ்ஸி” என்று சொல்லும் அக்காமார்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன். எனக்கு எப்படி மாரடைப்பு வரும்?

இந்தப் பக்கத்தை நான் எழுதத் தொடங்கியதே இந்தக் கேள்விக்காகத்தான்.

என் அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். உயரம் ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் குறைவு, நிறை 58 கிலோ. கையும் காலும் குச்சி மாதிரி இருக்கும். சட்டைக்குள்ளே மட்டும் சின்னதாக ஒரு வயிறு. சீனி இருப்பது தெரிந்து ஆறு வருடம். “குண்டா இருக்கிறவனுக்குத்தான் அதெல்லாம், எனக்கென்ன” என்பார். பிரஷர் பார்க்கப் போக மாட்டார். பீடியையும் விடவில்லை. 51 வயதில் ஒரு விடியற்காலை, எல்லோரும் தண்ணி பிடிக்கும் பீலிக்கரையில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார், எழும்பவில்லை. அப்போது நான் பத்தாம் வகுப்பு. அந்தச் சின்ன வயிற்றுக்கு என்ன அர்த்தம் என்று தாதிப் பயிற்சிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு விஞ்ஞானிகள் தங்களையே உதாரணமாக வைத்து ஒரு படம் வெளியிட்டார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். உயரத்துக்கும் நிறைக்கும் உள்ள கணக்கான உடற்திணிவுச் சுட்டி இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். தராசு இருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னது.

தெற்காசியர்களான நமக்குத் தசை குறைவு, கொழுப்பு கூட. அந்தக் கொழுப்பும் தோலுக்கடியில் தங்காமல் வயிற்றுக்குள்ளே ஈரலைச் சுற்றியும் குடலைச் சுற்றியும் சேர்கிறது. வயிற்றுக்குள் சேரும் இந்தக் கொழுப்புதான் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது, இரத்தத்தில் கொழுப்பைக் கூட்டுகிறது. இலங்கையும் சேர்ந்திருந்த, 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில், மாரடைப்பு ஆபத்தைக் காட்டுவதில் மொத்த நிறையைவிட இடுப்பளவுக் கணக்கே மேலாக இருந்தது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 6 வருடம் முந்தியே வருகிறது என்பதும் அதில்தான் தெரிந்தது.

மலையகத்துக்கு இதில் தனியாக ஒரு கணக்கும் இருக்கிறது. நாட்டிலேயே நிறை குறைவாகப் பிறக்கும் பிள்ளைகள் அதிகம் இருப்பது தோட்டப்புறத்தில்தான். வயிற்றில் இருக்கும்போதே போஷாக்கு குறைந்த பிள்ளையின் உடம்பு, கிடைப்பதைக் கொழுப்பாகச் சேமிக்கப் பழகிக்கொள்கிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து, நல்ல சாப்பாடு கிடைத்து, வேலையும் குறையும்போது சீனியும் நெஞ்சு வருத்தமும் சுலபமாக வந்துவிடுகின்றன. இரண்டேகால் கிலோவில் பிறந்தவர்கள் எங்கள் லயங்களில் எத்தனை பேர்! இது யாருடைய தப்பும் இல்லை. ஆனால் நாற்பது வயதில் சின்னதாக வயிறு வைக்கும்போது, “ஆள் ஒல்லிதானே” என்று விட்டுவிடக் கூடாது.

அப்படியானால் எதை அளப்பது? எவ்வளவு இருந்தால் கூடுதல்?

இரண்டையும் பார்க்க வேண்டும். நிறையைப் பொறுத்தவரை, ஆசியர்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டினாலே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5ஐத் தாண்டினால் அதிக ஆபத்து என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. 150 சென்டிமீட்டர் உயரமான பெண்ணுக்கு 23 என்பது ஏறக்குறைய 52 கிலோ, 27.5 என்பது 62 கிலோ. 165 சென்டிமீட்டர் ஆணுக்கு அவை 63ம் 75ம்.

இடுப்பளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்ணுக்கு 80க்குள்ளும் இருக்க வேண்டும். சாரமோ பாவாடையோ கட்டுகிற இடத்தில் அளக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு முனைக்கும் நடுவில், மூச்சை விட்டபடி, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும்.

அளவு நாடா வீட்டில் இல்லையா? ஒரு கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியிலிருந்து பாதம்வரை உங்கள் உயரத்துக்கு வெட்டி, அதை இரண்டாக மடியுங்கள். மடித்த கயிறு உங்கள் இடுப்பைச் சுற்றி வந்து நுனியோடு நுனி தொட்டால் நல்லது. தொடாவிட்டால் வயிற்றில் கொழுப்பு கூடியிருக்கிறது. இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்ற கணக்குதான் இது.

கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு இன்னொரு அடையாளம் உண்டு, இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்குச் சாக்கின் கயிறு. போன வருடம் ஓர் அக்கா சொன்னார்: “படங்கு கட்டுற கயிறு அதே கயிறுதான் மிஸ்ஸி. முன்னாடி முடிச்சுப் போட்டு ஒரு சாண் தொங்கும், இப்ப முடிச்சுக்கே பத்தல.” ஐந்து வருடத்தில் அவருடைய நிறை மூன்று கிலோதான் கூடியிருந்தது. இடுப்பை அளந்தேன், 91. நாளுக்கு மூன்று தரம் கொழுந்து நிறுக்கும் தோட்டத்தில் அந்த ஒரு சாண் கயிறு குறைந்ததை அவரைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

மலை ஏறி இறங்கித்தானே வேலை செய்கிறோம்? அது போதாதா?

ஏறி இறங்குவது இதயத்துக்கு நல்லதுதான். நிறை ஒரு கிலோகூடக் குறையாவிட்டாலும், நடப்பவரின் தசைகள் சீனியை எடுத்துக்கொள்கின்றன, பிரஷரும் இறங்குகிறது. பிரச்சினை வேலை நின்ற பிறகு வருகிறது. மலைக்குப் போன காலத்தில் சாப்பிட்ட அதே இரண்டு ரொட்டியும் அதே கோப்பைச் சோறும் ஓய்வெடுத்த பிறகும் தொடர்கின்றன. கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளைகளுக்கும் இதே கதை. அவர்கள் அப்பாவின் சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள், அப்பாவின் வேலையைச் செய்வதில்லை.

வாரத்தில் 150 நிமிடமாவது கொஞ்சம் மூச்சு வாங்கும்படி நடக்க வேண்டும். லயத்திலிருந்து கோயில்வரை ஏறி இறங்கினாலே எங்கள் பக்கத்தில் அந்தக் கணக்குச் சேர்ந்துவிடும். நடக்கும்போது நெஞ்சு இறுகினால் நின்றுவிடுங்கள், அந்த வாரமே வைத்தியரைப் பாருங்கள். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. அட்டை கடித்ததும் முள் குத்தியதும் தெரியாமல் புண்ணாகி வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ரொட்டியை விடச் சொல்கிறீர்களா?

விடச் சொல்ல மாட்டேன். தோட்டம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு மாவு கொடுத்த காலத்திலிருந்து ரொட்டிதான் எங்கள் காலைச் சாப்பாடு, பல வீடுகளில் இராச் சாப்பாடும் அதுதான். அதை விட்டுவிடு என்று சொல்பவருக்கு ஐந்தரை மணிக்கு எழும்பி, காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்கு ஓடுவது எப்படி என்று தெரியாது.

கணக்கை மட்டும் பாருங்கள். 100 கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 75 கிராம் மாச்சத்து. தடித்த ரொட்டி ஒன்றுக்கு அவ்வளவு மா போய்விடும். இரண்டு ரொட்டியும் கட்டைச் சம்பலும் என்றால் 150 கிராம் மாச்சத்து, அதோடு உப்பு. புரதமோ நார்ச்சத்தோ பெரிதாக இல்லை. ரொட்டியை மெல்லியதாகத் தட்டி ஒன்றோடு நிறுத்துங்கள். பக்கத்தில் கெட்டியாகப் பருப்பு, ஒரு முட்டை அல்லது நெத்தலி, கையளவு கீரை வையுங்கள். கோவா, போஞ்சி, லீக்ஸ் எல்லாம் எங்கள் மண்ணிலேயே விளைகின்றன. அவற்றைக் கொழும்புக்கு ஏற்றிவிட்டு உருளைக்கிழங்குக் கறியோடு சோறு சாப்பிடுகிறோமே என்பது என் மனக்குறை.

குரக்கன் (கேழ்வரகு) என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். அதில் நார்ச்சத்து கூட, ஆனால் அதுவும் மாச்சத்துதான். கித்துள் சர்க்கரையும் தேனும் அப்படியே, பெயர்தான் வேறு.

தேத்தண்ணிக்கு வருகிறேன். உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, நக்கி நக்கிக் குடிக்கிற பழக்கம் எங்களுக்கு உண்டு. கரண்டிக் கணக்கு அதில் தெரியாது. ஒரு நாள் கிளினிக்குக்கு வந்த ஐயா ஒருவரை, வழக்கமாக எடுக்கும் அளவைக் கையில் கொட்டிக் காட்டச் சொன்னேன். அதை அளந்தபோது மூன்று தேக்கரண்டி. நாளுக்கு ஐந்து தேத்தண்ணி. பதினைந்து கரண்டி, 60 கிராம், 240 கலோரி. ஒருவர் நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஐயா இரண்டே மாதத்தில் சீனியில்லாத வெறுந்தேத்தண்ணிக்கு மாறினார். முதல் பத்து நாள் வாய் கசந்தது, பிறகு பழகிவிட்டது என்றார். தேயிலையின் உண்மையான வாசனையை அறுபது வயதில்தான் கண்டேன் என்றும் சொன்னார்.

கடையில் குளிர்பானம் வாங்கும்போது போத்தலில் இருக்கும் நிற வட்டத்தைப் பாருங்கள். 2016இலிருந்து அது கட்டாயம். சிவப்பு என்றால் 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி.

எத்தனை கிலோ குறைந்தால் நெஞ்சுக்கு நல்லது?

நிறையில் நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு குறைந்தாலே சீனி, பிரஷர், இரத்தக் கொழுப்பு மூன்றும் இறங்கத் தொடங்கும். 60 கிலோ ஆளுக்கு அது 3 அல்லது 4 கிலோ.

இதில் உண்மையை மறைக்க விரும்பவில்லை. அமெரிக்காவில் நிறை கூடிய 5,145 நீரிழிவு நோயாளிகளை வைத்து ‘லுக் அஹெட்’ என்ற பெரிய ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்குச் சாப்பாட்டிலும் உடற்பயிற்சியிலும் தீவிரமாக வழிகாட்டினார்கள். முதல் வருடம் அவர்கள் சராசரியாக நூற்றுக்கு 8 பங்குக்கு மேல் குறைந்தார்கள். ஆனால் ஏறக்குறைய பத்து வருடம் பார்த்தும் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் இரண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. 2012இல் ஆய்வை நிறுத்திவிட்டார்கள். பிறகு கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, முதல் வருடத்திலேயே நூற்றுக்கு 10 பங்கோ அதற்கு மேலோ குறைந்தவர்களுக்கு ஆபத்து 21 சதவீதம் குறைவாக இருந்தது. நடமாட்டம், தூக்கம், சிறுநீரகம் எல்லாவற்றிலும் நிறை குறைத்த குழுவுக்கு நன்மை கிடைத்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று. நிறையைக் குறையுங்கள், ஆனால் அது குறையட்டும் என்று மற்றதைத் தள்ளிப்போடாதீர்கள். பிரஷர் 130/80க்குக் கீழே இருக்க வேண்டும். நாற்பது தாண்டிய நீரிழிவு நோயாளிக்கு, கொலஸ்ட்ரால் அளவு பெரிதாகக் கூடியிராவிட்டாலும், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை பெரும்பாலும் தேவைப்படும். 2004இல் வெளியான ‘கார்ட்ஸ்’ ஆய்வில் 10 மில்லிகிராம் அட்டர்வாஸ்டேட்டின் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 37 சதவீதம் குறைந்தன. “கொலஸ்ட்ரால் சரியாகிவிட்டது” என்று அந்த மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. அது சரியாக இருப்பதே மாத்திரையால்தான்.

நிறை குறைத்தால் சீனி நோயே போய்விடுமா?

நோய் தெரிந்து ஆறு வருடத்துக்குள் இருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. பிரிட்டனில் நடந்த ‘டைரெக்ட்’ ஆய்வில், கண்டிப்பான உணவு முறையால் 15 கிலோ அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு ஒரு வருட முடிவில் மருந்தில்லாமலே சீனி சரியான அளவில் நின்றது. ஒல்லியானவர்களுக்கும் நம்பிக்கை இருக்கிறது. அங்கேயே சாதாரண நிறையுள்ள 20 பேரை வைத்து நடந்த சின்ன ஆய்வில், நூற்றுக்கு ஆறரைப் பங்கு அளவில் குறைந்ததிலேயே 14 பேருக்கு அப்படி ஆனது. நிறை திரும்ப ஏறினால் சீனியும் திரும்ப வரும், அதனால் கிளினிக்கை விட்டுவிடக் கூடாது. வைத்தியரிடம் சொல்லாமல் பட்டினி கிடக்கவும் கூடாது.

முயற்சி எதுவும் செய்யவில்லை, நிறை தானாகக் குறைகிறது. நல்லதுதானே?

நல்லதல்ல, உடனே வாருங்கள். சீனி கட்டுப்பாடில்லாமல் ஏறினால் உடம்பு கரையும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காசநோயும் மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம்.

இன்சுலின் போட்டால் குண்டாகிவிடுவேனாமே?

இரண்டு மூன்று கிலோ கூடலாம். சீனியைக் குறைக்கும் கிளிக்லசைட் போன்ற மாத்திரைகளும் கொஞ்சம் கூட்டும். மெட்ஃபோமின் கூட்டாது, சிலருக்குக் குறைக்கும். அதற்காக இன்சுலினை மறுக்காதீர்கள், கட்டுப்பாடில்லாத சீனி செய்யும் கேடு அதைவிடப் பெரியது.

இதில் மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காலையில் கிளிக்லசைட்டை விழுங்கிவிட்டு, நேரமாகிவிட்டது என்று வெறுந்தேத்தண்ணியோடு ஓடுகிறீர்கள். பத்து மணிக்கு மலையில் கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டுகிறது. அது சீனி இறங்குவது. உடனே மூன்று தேக்கரண்டி சீனி அல்லது சீனித் தண்ணி எடுத்துக்கொண்டு, பிறகு சாப்பிடுங்கள். சாப்பிட முடியாத நாளில் அந்த மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டு வையுங்கள். இறங்கிவிடுமோ என்ற பயத்தில் நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருந்து நிறை கூடியவர்களும் உண்டு. அவர்களுக்கு மருந்தின் அளவைத்தான் மாற்ற வேண்டும்.

நிறை குறைக்கும் ஊசி, மாத்திரை என்று சொல்கிறார்களே?

எம்பாக்ளிஃபுளோசின் வகை மாத்திரையும் லிராகுளுடைட், செமாகுளுடைட் வகை ஊசிகளும் நிறையைக் குறைப்பதோடு, ஏற்கனவே இதய நோயுள்ள நீரிழிவு நோயாளிகளின் ஆபத்தையும் குறைப்பது பெரிய ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஊசிக்கு விலை மிக அதிகம். உங்களுக்கு வேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். முகநூலில் விற்பவர்களிடம் ஒருபோதும் வாங்காதீர்கள்.

பீடி, சிகரெட்டை விட்டால் நிறை கூடுமாமே?

சில கிலோ கூடும். அப்படிக் கூடினாலும் நெஞ்சுக்கு இலாபம்தான். வெற்றிலையோடு புகையிலை போடுவதும் இதயத்துக்குக் கேடு. அதை விட்டாலும் இதே நன்மை உண்டு.

பிள்ளை வயிற்றில் இருந்தபோது மட்டும் சீனி இருந்தது. இப்போது இல்லை.

பிறகு நிரந்தரமாக நீரிழிவு வரும் வாய்ப்பு உங்களுக்குப் பல மடங்கு அதிகம், இதய நோய்க்கான வாய்ப்பும் கூட. வருடத்துக்கு ஒரு முறை இரத்தம் சோதியுங்கள். 35 வயது தாண்டிய எல்லோருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் நடக்கும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் சீனி, பிரஷர், நிறை எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள்.

மாரடைப்பு வந்தால் எப்படித் தெரியும்?

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதைத்தான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். நீரிழிவு நரம்பைப் பாதித்திருந்தால் நெஞ்சு வலியே இல்லாமல் வரலாம். திடீரென்று மூச்சு வாங்குவது, குளிர் நாளிலும் சட்டை நனைய வியர்ப்பது, தாடையிலோ இடது தோளிலோ முதுகிலோ ஒரு பாரம், காரணமில்லாத அசதி, வாந்தி, இவற்றில் எது வந்தாலும் சந்தேகப்படுங்கள்.

எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் ‘வாயு’ என்று ஒரே பெயர். இஞ்சித் தண்ணி, ஓமத்தண்ணி, சோடா என்று இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. அடைத்த குழாயைத் திறக்கும் மருந்து முதல் மணி நேரங்களில்தான் அதிகம் பலன் தரும். தோட்டத்து லொறி எப்போது வரும் என்று காத்திருந்த காலம் போய்விட்டது. 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். பாதை குறுகி வண்டி ஏற முடியாத தோட்டப் பிரிவு (டிவிஷன்) என்றால், வண்டி எந்த வளைவுவரை வரும் என்பதை நோயாளி உள்ள வீடுகள் இன்றே பார்த்து வையுங்கள். நோயாளியை நடக்க விடாதீர்கள், நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வாருங்கள்.

அடுத்த கிளினிக்குக்கு வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

கிளினிக் கொப்பி. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளும், பாமசியில் தனியாக வாங்கியதும், நாட்டு வைத்தியரிடம் எடுத்ததும் உட்பட. கூடவே, உங்கள் உயரத்துக்கு வெட்டி இரண்டாக மடித்த அந்தக் கயிற்றையும் கொண்டு வாருங்கள். நுனிக்கும் நுனிக்கும் எத்தனை விரல் இடைவெளி என்று சேர்ந்து அளந்து, கொப்பியின் பின்னட்டையில் திகதியோடு எழுதி வைக்கலாம்.